பந்து கைக்கு வருவதற்கு முன்: சென்டரைத் தடுப்பது பற்றிய ஒரு காணொளிப் பாடத்தொகுப்பின் மதிப்புரை

கூடைப்பந்துப் பயிற்சியாளர்களுக்காக இணையத்தில் விற்கப்படும் காணொளிப் பாடங்களில் பெரும்பாலானவை தாக்குதல் ஆட்டத்தைப் பற்றியவை. தடுப்பாட்டத்தைப் பற்றியவை குறைவு; அவற்றிலும், எதிரணியின் புள்ளிகளில் பெரும்பங்கைத் தனியொருவராகச் சேர்க்கும், கூடைக்கு அருகில் ஆடும் உயரமான ஆட்டக்காரரான சென்டரை எப்படிக் கட்டுப்படுத்துவது என்ற ஒரே சிக்கலை எடுத்துக்கொண்டு முழுமையாகப் பேசுபவை மிகக் குறைவு. அப்படி ஏழு பகுதிகளாக அமைந்த ஒரு தொகுப்பைப் பருவம் தொடங்கும் முன்பு வாங்கி முழுவதும் பார்த்து, நான் பயிற்சி அளிக்கும் இளையோர் அணியில் அதன் பெரும்பகுதியைச் செயல்படுத்திய பிறகு இந்த மதிப்புரையை எழுதுகிறேன். முதல் மூன்று பகுதிகளுக்காகவே இதைத் தயங்காமல் வாங்கலாம். டபுள் டீம் (ஒருவரை இருவர் சேர்ந்து மறிப்பது) பற்றிய ஐந்தாம் பகுதியை மட்டும் நம்பி ஓர் அணியை ஆட்டத்துக்கு அனுப்பக் கூடாது.

தொகுப்பை நடத்தும் பயிற்சியாளர் தொடக்கத்திலேயே தம் நிலைப்பாட்டைச் சொல்லிவிடுகிறார்: திறமையான சென்டர் கூடைக்கு அருகில் பந்தைப் பெற்றுவிட்டால் அதன் பிறகு அவரைக் காப்பவரால் செய்யக்கூடியது மிகக் குறைவு என்பதால், காவலின் பெரும்பகுதி பந்து அவர் கைக்கு வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். இதைப் பல பயிற்சியாளர்கள் சொல்வார்கள். ஆனால் சொல்லிவிட்டு நிறுத்தாமல், மூன்று பகுதிகள் முழுவதும் அதை அடி அடியாகப் பிரித்துக் காட்டுவது இத்தொகுப்பின் பெருமை. விதிகளின் வரலாறும் அவர் பக்கமே நிற்கிறது. ஜார்ஜ் மைக்கன் என்ற சென்டரின் ஆதிக்கத்தைக் குறைக்க, அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.பி.ஏ. 1951-52 பருவத்தில் பெயின்ட்டின் (கூடைக்கு முன்னால் வரையப்பட்ட கட்டத்தின்) அகலத்தை 6 அடியிலிருந்து 12 அடியாக்கியது. இன்னொரு சென்டரான வில்ட் சேம்பர்லெய்ன் ஆடிய காலத்தில், 1964-65 பருவத்தில், அது 16 அடியானது. ஆளின் உயரத்தை யாராலும் குறைக்க முடியாது என்பதால், அவர் பந்துக்காகக் காத்து நிற்கும் இடத்தைக் கூடையிலிருந்து தள்ளிவைக்கும் வழியை விதி வகுத்தவர்கள் தேர்ந்தெடுத்தார்கள். தொகுப்பு இந்த வரலாற்றைத் தொடவில்லை. தொட்டிருந்தால் மாணவர்களுக்கு முதல் பகுதியின் நோக்கம் இன்னும் விரைவாகப் புரிந்திருக்கும்.

முதல் பகுதி, பந்து கைமாறும் நொடியில் தொடங்குகிறது. சென்டரைக் காப்பவர் தம் கூடையை நோக்கி ஓடும்போது நேராகப் பெயின்ட்டுக்குள் போய் நின்றுகொண்டு ஆளைத் தேடக் கூடாது. ஃப்ரீ த்ரோ (தண்ட எறிதல்) கோட்டுக்கு மேலேயே, அதாவது கூடையிலிருந்து தள்ளியே, சென்டர் வரும் பாதையில் முன்கூட்டியே இடம் பிடித்து, அவர் விரும்பும் பக்கத்துக்கு நேராக இறங்க முடியாமல் சுற்றிப் போகச் செய்ய வேண்டும். இதில் விதியின் எல்லையையும் அவர் தெளிவாக விளக்குகிறார். நகர்ந்து வரும் எதிராளிக்கு நிற்கவோ திசை மாற்றவோ போதிய தூரம் விட்டு அவர் பாதையில் நிற்கலாம். கடைசி நொடியில் குறுக்கே பாய்ந்தால் ஃபவுல். இந்த வேறுபாட்டைக் காட்ட ஒரே காட்சியை இரண்டு முறை, இரண்டு வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள். மெதுவான ஓட்டத்தில் தடுப்பவரின் பாதங்கள் தரையில் படிந்த பிறகே தொடர்பு ஏற்படுவது கண்ணுக்குப் புலப்படுகிறது. பயிற்சியில் வாயால் சொல்லிப் புரியவைக்க மிகவும் பாடுபட வேண்டிய ஒன்றை இந்தச் சில நொடிக் காட்சி புரியவைத்துவிடுகிறது.

சென்டர் கீழே இறங்கிய பிறகு, பெயின்ட்டின் ஓரத்தில் உள்ள பிளாக்கில் இடம் பிடிக்கும் போராட்டத்தைத் தரை மட்டத்தில் வைத்த கேமராவால் படமெடுத்திருக்கிறார்கள். தோள்களையும் கைகளையும் பார்த்தே பழகிய நமக்கு, இந்தக் கோணத்தில் முழங்கால்களும் இடுப்பும் மட்டுமே தெரிகின்றன. உயரமானவரின் இடுப்பைவிடத் தடுப்பவரின் இடுப்பு தாழ்ந்திருக்கும் காட்சிகளில் உயரமானவர் ஓர் அடி வெளியே நகர்கிறார். தடுப்பவர் நிமிர்ந்து நிற்கும் காட்சிகளில் அவர் பின்னோக்கித் தள்ளப்படுகிறார். எடை குறைந்த ஒருவர் எடை மிகுந்த ஒருவரை எதிர்கொள்ளக் கூடிய ஒரே வழி இது என்று பயிற்சியாளர் சொல்வதை நான் முழுமையாக ஏற்கிறேன். 198 செ.மீ. உயரமே கொண்ட என்.பி.ஏ. ஆட்டக்காரர் டிரேமண்ட் கிரீன் தம்மைவிட மிக உயரமான சென்டர்களைப் பல ஆண்டுகள் காத்து நின்றதன் அடிப்படை இதுதான். அவருடைய கால்களையும் இடுப்பையும் மட்டும் கவனித்துப் பார்த்தால் யாருக்கும் விளங்கும்.

இரண்டாம் பகுதி சென்டரைப் பற்றியதே அல்ல. பக்கவாட்டில் வெளியே நின்று அவருக்குப் பந்தைத் தர வேண்டிய விங் ஆட்டக்காரரைப் பற்றியது. என் கணிப்பில் முழுத் தொகுப்பிலும் மிக மதிப்புள்ள பகுதி இதுவே. போஸ்ட்டில் (கூடைக்கு அருகே) இருப்பவருக்குப் பந்து போய்விட்டால் எல்லோரும் அவரைக் காத்தவரைக் குறை சொல்வார்கள். பந்தைத் தந்தவரை யாரும் அழுத்தாமல் நின்றதை யாரும் கேட்பதில்லை. அழுத்தம் இல்லாத கார்டு (வெளியே நின்று பந்தைக் கையாளும் ஆட்டக்காரர்), இரு கைகளாலும் பந்தைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்து, நிதானமாகப் பார்த்து, சென்டர் கேட்கும் கைக்குச் சரியாகப் பந்தைப் போட முடியும். அதே கார்டின் முன்னால் ஒருவர் கையெட்டும் தூரத்துக்குள் நின்று, பந்து எங்கு நகர்கிறதோ அங்கெல்லாம் கையை நகர்த்திக்கொண்டிருந்தால், பாஸ் தாமதமாகிறது, உயரம் தவறுகிறது, பல நேரம் போகவே போவதில்லை. இங்கே 24 நொடி ஷாட் கிளாக்கை (ஒரு தாக்குதலில் எறிவதற்கான நேரக் கெடுவை)த் தடுப்பணியின் கூட்டாளியாகக் காட்டும் விளக்கம் அருமையானது. 17 நொடிகள் மீதமிருக்கையில் பிளாக்கில் பந்தைப் பெறும் சென்டர் முதல் முயற்சி சரிவராவிட்டால் பந்தை வெளியே தந்துவிட்டு மீண்டும் இடம் பிடிக்கலாம். 7 நொடிகள் இருக்கையில் ஒரு படி தள்ளிப் பந்தைப் பெறுபவருக்கு ஒரே முயற்சிதான். ஆகவே ஒவ்வொரு தாக்குதலிலும் சென்டர் பந்தைத் தொடும்போது ஷாட் கிளாக்கில் எவ்வளவு மீதம் என்பதை ஒருவர் குறித்து வர வேண்டும் என்று அவர் பரிந்துரைக்கிறார். எங்கள் அணியில் மாற்று ஆட்டக்காரர்களிடம் அந்தப் பொறுப்பைக் கொடுத்தோம். பெஞ்சில் இருப்பவர்களின் கவனம் ஆட்டத்திலேயே நின்றதும், விங்கில் தடுப்பவர்கள் தங்கள் வேலைக்கும் ஒரு கணக்கு உண்டு என்று உணர்ந்ததும் நான் எதிர்பாராத பலன்கள்.

மூன்றாம் பகுதி, சென்டருக்குப் பின்னால் நிற்பதா, பக்கவாட்டில் முக்கால் பங்கு மறித்து நிற்பதா, அல்லது முழுவதும் முன்னால் நின்று ஃபிரண்டிங் செய்வதா என்ற பழைய விவாதத்தை எடுத்துக்கொள்கிறது. பயிற்சியாளர் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக் கொடுக்கவில்லை. பந்து எங்கே இருக்கிறது என்பதே முடிவு செய்யும் என்கிறார். பந்து ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்கு மேலே இருந்தால் சென்டரின் மேல்பக்கத் தோளை மறித்து நில். பந்து கார்னருக்கு (கூடைப் பக்கத்து மூலைக்கு) இறங்கினால் அவரைச் சுற்றிக் கீழ்ப்பக்கத்துக்கு மாறு. கேட்பதற்கு எளியது. பந்து விங்கிலிருந்து கார்னருக்குப் பறக்கும் அந்த அரை நொடியில் எப்படி மாறுவது என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. பின்னால் சுற்றிப் போனால் அந்த நேரத்தில் சென்டர் தம் முதுகால் தடுப்பவரை அடைத்துவிடுவார். முன்னால் கடக்க வேண்டும்: பந்துக்கு அருகிலுள்ள பாதத்தைச் சென்டரின் முன் பாதத்துக்கு முன்னால் குறுக்கே வைத்து, அதே கையை நீட்டி பாஸ் வரும் பாதையை மறித்து, அடுத்த அடியில் மற்றப் பாதத்தைப் பேஸ்லைன் (கூடைக்குப் பின்னுள்ள எல்லைக்கோடு) பக்கம் கொண்டுவர வேண்டும். பாஸ் காற்றில் இருக்கும்போதே இரண்டு அடிகளும் முடிந்திருக்க வேண்டும். கார்னரில் இருப்பவர் பந்தைப் பிடித்த பிறகு அசைபவர் எப்போதும் தாமதம்.

இந்த இரண்டு அடிகளை எங்கள் அணியின் ஃபார்வேர்டு ஒருவர் பயிலும்போது அருகிலிருந்து பார்த்தேன். முதலில் அவர் கையை மட்டும் முன்னால் நீட்டினார். உடல் பின்னாலேயே இருந்தது. கார்னரிலிருந்து தரையில் பட்டு வந்த பவுன்ஸ் பாஸ் அவருடைய முழங்கையின் கீழ் வழியாகச் சென்றது. காணொளியின் அந்தத் துண்டை மைதானத்திலேயே கைபேசியில் நிறுத்தி நிறுத்திக் காட்டிய பிறகு பாதத்தை முதலில் வைக்கத் தொடங்கினார். பாதம் முன்னால் வந்ததும் இடுப்பு தானாகத் திரும்பியது, பவுன்ஸ் பாஸுக்கான வழி மூடிக்கொண்டது, கார்னரில் இருந்தவர் பந்தைத் தலைக்கு மேல் வீச வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டார். அந்த லாப் பாஸை எடுக்கவேண்டியது அவருடைய வேலை அல்ல.

அது பந்தில்லாத பக்கத்தில் நிற்கும் உதவியாளரின் வேலை. ஃபிரண்டிங் என்பது ஒருவர் செய்யும் காரியம் போலத் தோன்றினாலும் மூன்று பேர் சேர்ந்து செய்வது: பாஸ் தருபவரை அழுத்தும் ஒருவர், முன்னால் நிற்கும் ஒருவர், பின்னால் லாப் பாஸுக்காகக் காத்திருக்கும் ஒருவர். மூவரில் எவர் தவறினாலும் கூடைக்குக் கீழே தடையற்ற வாய்ப்புதான். இதைத் தொகுப்பு சரியாகவே விளக்குகிறது. ஆனால் இங்கே ஒரு பெரிய குறை தலைகாட்டுகிறது. உதவியாளர் எப்போது பெயின்ட்டுக்குள் வர வேண்டும், எப்போது ஒரு காலை வெளியே எடுத்துவைத்து மீண்டும் உள்ளே வர வேண்டும் என்று பயிற்சியாளர் கற்றுத்தரும் கணக்கு முழுவதும் என்.பி.ஏ. விதியை ஒட்டியது. யாரையும் கையெட்டும் தூரத்தில் காக்காமல் பெயின்ட்டுக்குள் மூன்று நொடிக்கு மேல் நிற்கக் கூடாது என்ற தடுப்பணிக்கான விதி, சோன் தடுப்பு (ஆளுக்கு ஆள் அல்லாமல் இடத்தைக் காப்பது) அனுமதிக்கப்பட்ட 2001-02 பருவத்தில் அங்கே சேர்க்கப்பட்டது. உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளில் அப்படி ஒன்று இல்லை. ஃபீபா விதிப்படி ஆடும் அணியின் உதவியாளர் பெயின்ட்டின் நடுவிலேயே நின்றுகொள்ளலாம். ஃபிரண்டிங் அங்கே இன்னும் பாதுகாப்பான உத்தி. உலகின் பெரும்பாலான பயிற்சியாளர்கள் ஃபீபா விதிப்படியே ஆடுகிறார்கள் என்ற நிலையில், இந்த வேறுபாட்டை ஒரு வரியில்கூடச் சொல்லாமல் விட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்தொகுப்பை அப்படியே பின்பற்றும் அணி, தேவையே இல்லாத ஒரு நடனத்தை உதவியாளருக்குப் பழக்கி, அவர் காலை வெளியே எடுத்த நொடியில் லாப் பாஸுக்கு இடம் கொடுக்கும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. என்.பி.ஏ.வில் ஃப்ரீ த்ரோ கோட்டின் நீட்சிக்குக் கீழே, கூடைக்கு முதுகைக் காட்டி டிரிபிள் செய்துகொண்டே (பந்தைத் தரையில் தட்டிக்கொண்டே) ஐந்து நொடிக்கு மேல் தள்ளிக்கொண்டு வர முடியாது. அந்த விதி 1999-2000 பருவத்தில் வந்தது. ஃபீபாவில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. நான்காம் பகுதியில், பந்தைப் பெற்றுவிட்ட சென்டரைத் தனியாகத் தாங்கி நிற்பது பற்றிப் பேசும்போது, நொடிகளை எண்ணிப் பொறுமையாக இரு என்று பயிற்சியாளர் தரும் அறிவுரை ஃபீபா ஆட்டத்தில் பாதி மதிப்பை இழந்துவிடுகிறது. ஷாட் கிளாக் மட்டுமே அங்கே துணை.

நான்காம் பகுதியின் மற்றப் பாடங்கள் நல்லவை, ஆனால் புதியவை அல்ல. மார்பைச் சென்டரின் முதுகோடு முழுவதும் ஒட்டவைக்காமல் சிறு இடைவெளி விட்டு நிற்பது, அவர் எந்தத் தோளின் மேல் திரும்ப விரும்புகிறார் என்று முன்கூட்டி அறிந்து அந்தப் பக்கத்தில் அரை உடலை வைப்பது, போலி அசைவுகளுக்குத் தரையைவிட்டு எழாமல் இருப்பது, அவர் எறியும்போது கையை நேர்மேலே உயர்த்தி அவர் கூடையைப் பார்க்கும் கோணத்தைக் கடினமாக்குவது ஆகியவை எந்தப் பயிற்சியாளரும் அறிந்தவை. பந்தைப் பிடுங்க மேலிருந்து கீழாக வெட்டும் கையே பெரும்பாலான ஃபவுல்களுக்குக் காரணம் என்று வலியுறுத்துவது மட்டும் தனியே குறிப்பிடத்தக்கது. ஃபீபாவில் ஐந்தாவது ஃபவுலோடு ஆட்டம் முடிந்துவிடும் என்பதால், சென்டரைக் காக்கக்கூடிய ஒரே ஆளை இரண்டாம் கால்பகுதியிலேயே பெஞ்சுக்கு அனுப்பிவைக்கும் பழக்கம் அது. சென்டர் முழு எடையையும் சாய்க்கும்போது சட்டென்று பின்வாங்கி அவரைத் தடுமாறவைக்கும் உத்தியும் இங்கே கற்றுத்தரப்படுகிறது. விதிப்படி அது அனுமதிக்கப்பட்டதே. ஆனால் பின்னோக்கி விழுபவர் தரையில் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்ளக் கூடும் என்பதால், வளரும் வயதுப் பிள்ளைகளுக்கு நான் அதைப் பயிற்றுவிக்க மாட்டேன்.

ஐந்தாம் பகுதிக்கு வருகிறேன். டபுள் டீம் எப்படிப் போடுவது என்பதை இது நன்றாகவே சொல்கிறது. பேஸ்லைன் பக்கத்திலிருந்து மற்றொரு உயரமானவரை அனுப்புவது, பாஸ் தந்தவரைக் காத்தவரையே மேலிருந்து அனுப்புவது, பந்தைப் பிடித்தவுடன் அனுப்புவது, முதல் டிரிபிளில் அனுப்புவது, அவர் முதுகைத் திருப்பும் நொடியில் பார்வை படாத திசையிலிருந்து அனுப்புவது என்று ஒவ்வொன்றுக்கும் வரைபடமும் காட்சியும் உண்டு. இருவரின் கால்களுக்கு இடையே வழி விடக் கூடாது, பந்தைப் பிடுங்க முயலாமல் பாஸ் போகும் வழிகளை உயர்த்திய கைகளால் மறைக்க வேண்டும், மீதமுள்ள மூவர் நால்வரைக் காக்கையில் பந்துக்கு மிகத் தொலைவில் உள்ளவரை விட்டுவிட வேண்டும் என்பனவும் சரியே. பிழை வேறு இடத்தில் இருக்கிறது. டபுள் டீம் போட வேண்டுமா என்ற கேள்வியை இப்பகுதி கேட்கவே இல்லை. ஒருவர் அதிகப் புள்ளிகள் எடுக்கிறார் என்றால் இரண்டு பேரை அனுப்பு என்பதே அதன் ஒரே விடை.

2004 என்.பி.ஏ. இறுதித் தொடர் இதற்கு நேர் எதிரான பாடத்தைத் தருகிறது. லேக்கர்ஸ் அணியின் சென்டர் ஷகீல் ஓ'நீல் 216 செ.மீ. உயரமும் யாராலும் அசைக்க முடியாத எடையும் கொண்டவர். 2000ஆம் ஆண்டு இறுதித் தொடரில் ஆட்டத்துக்குச் சராசரி 38 புள்ளிகள் எடுத்தவர். டெட்ராய்ட் பிஸ்டன்ஸ் அணி அவரைப் பெரும்பாலும் பென் வாலஸ் போன்றோரிடம் தனியாக ஒப்படைத்துவிட்டு, மற்ற நால்வரும் தங்கள் ஆட்களை விட்டு அகலாமல் இருக்கச் செய்தது. ஓ'நீல் அத்தொடரில் சராசரி 26.6 புள்ளிகளைத் தம் எறிதல்களில் 60 சதவீதத்துக்கும் மேல் கூடையில் சேர்த்து எடுத்தார். எண்களை மட்டும் பார்த்தால் அவரை யாரும் தடுக்கவில்லை. ஆனால் அவருடைய அணித் தோழர் கோபி பிரையன்ட்டின் எறிதல்களில் 38 சதவீதமே கூடையில் விழுந்தன, லேக்கர்ஸ் அணி ஆட்டத்துக்குச் சராசரி 82 புள்ளிகளைக்கூட எட்டவில்லை, மூன்றாம் ஆட்டத்தில் 68 புள்ளிகளில் அடங்கியது, பிஸ்டன்ஸ் 4-1 என்று கோப்பையை வென்றது. சென்டருக்குக் கிடைக்கும் இரண்டு புள்ளிகளைப் பொறுத்துக்கொண்டு, அவரிடமிருந்து வெளியே போகும் பாஸால் வரும் மூன்று புள்ளிகளை மூடுவது என்ற முடிவு அது.

பாஸ் தருவதில் வல்ல சென்டருக்கு எதிராக இந்த முடிவின் மதிப்பு இன்னும் கூடுகிறது. 2023 இறுதித் தொடரின் முதல் ஆட்டத்தில் டென்வர் அணியின் சென்டர் நிகோலா யோகிச் 27 புள்ளிகள் எடுத்து 14 அசிஸ்ட்டுகள் (மற்றவர்கள் புள்ளி எடுக்க உதவிய பாஸ்கள்) தந்தார், மயாமிக்கு எதிராக டென்வர் வென்றது. இரண்டாம் ஆட்டத்தில் 41 புள்ளிகள் எடுத்தார், அசிஸ்ட்டுகளோ நான்கே. மயாமி 111-108 என்று வென்றது. அத்தொடரில் மயாமி வென்ற ஒரே ஆட்டம் அதுதான். ஓர் ஆட்டத்தை வைத்து விதி வகுக்க முடியாது, யோகிச்சைப் புள்ளி எடுக்கவிட்டால் போதும் என்று சொல்வதும் மிகைப்படுத்தல்தான். ஆனாலும், ஒரு சென்டரின் ஆட்டத்தில் எது அவருடைய அணியை உயிர்ப்போடு வைத்திருக்கிறது, அவர் எடுக்கும் புள்ளிகளா, அவர் மற்றவர்களுக்கு உண்டாக்கித் தரும் வாய்ப்புகளா என்று முதலில் ஆராயாமல் இரண்டாவது ஆளை அனுப்புவது கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் முடிவு. யோகிச் போன்றவர்கள் பிளாக்கில் மட்டும் நிற்பவர்களும் அல்லர். ஃப்ரீ த்ரோ கோட்டின் நடுவில் கூடையைப் பார்த்தபடி பந்தைப் பெறுபவர்கள். அங்கே எந்தத் திசையிலிருந்து இரண்டாவது ஆள் வந்தாலும் அவர்கள் கண்ணில் படுகிறார். தொகுப்பின் காட்சிகள் அனைத்திலும் சென்டர் முதுகைக் காட்டியே நிற்கிறார் என்பதிலிருந்தே, பாடம் எந்தக் காலத்துச் சென்டரை மனதில் வைத்து எழுதப்பட்டது என்று தெரிகிறது.

டபுள் டீமும் தனிக் காவலும் சேர்ந்து ஒரே திட்டமாக அமையும்போது என்ன நடக்கும் என்பதற்கு டொரான்டோ அணியில் சென்டர் மார்க் கசோல் ஆடிய காலத்தைப் பார்க்கலாம். 2019 நவம்பர் 25 அன்று ஃபிலடெல்ஃபியாவின் சென்டர் ஜோயல் எம்பீட் டொரான்டோவுக்கு எதிராக 11 முறை எறிந்து ஒரு முறைகூடக் கூடையில் சேர்க்காமல், ஒரு புள்ளியும் எடுக்காமல் ஆட்டத்தை முடித்தார். டொரான்டோ 101-96 என்று வென்றது. கசோல் விரைவானவர் அல்லர், எகிறிக் குதிப்பவரும் அல்லர். எம்பீட் விரும்பும் இடத்துக்கு முன்பே சென்று நிற்கும் அறிவும், அசைக்க முடியாத அடித்தளமும் அவருடைய பலம். அந்தப் பலத்தைச் சுற்றி, எம்பீட் பந்தைக் கீழே இறக்கும்போதெல்லாம் வெவ்வேறு திசைகளிலிருந்து உதவி வந்துகொண்டிருந்தது. உதவி எப்போது வரும் என்று அறிய முடியாத சென்டர், வராதபோதும் வருவதாக எண்ணி அவசரப்படுகிறார். இரண்டாவது ஆளை எப்போதும் அனுப்பும் அணிக்கும் ஒருபோதும் அனுப்பாத அணிக்கும் இந்த நன்மை கிடையாது. எங்கள் அணியில் ஐந்தாம் பகுதியை விட்டுவிட்டு, முதல் பாதியில் தனிக் காவல், இடையிடையே ஒருவர் பாதி தூரம் வந்து கையை நீட்டிவிட்டுத் தம் ஆளிடம் திரும்பும் பொய் உதவி, கடைசிக் கால்பகுதியில் மட்டும் உண்மையான டபுள் டீம் என்ற வரிசையை நாங்களே அமைத்துக்கொண்டோம். அதற்குத் தேவையான கால் அசைவுகள் யாவும் தொகுப்பில் உள்ளன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். அவற்றை எப்போது பயன்படுத்துவது என்ற தீர்மானத்தை மட்டும் பயிற்சியாளர் தாமே எடுக்க வேண்டியிருக்கும்.

ஆறாம் பகுதி வேண்டுமென்றே ஃபவுல் செய்து, ஃப்ரீ த்ரோ எறிவதில் பலவீனமான சென்டரைக் கோட்டுக்கு அனுப்பும் உத்தியைப் பற்றியது. இதற்கு ஒரு முழுப் பகுதியை ஒதுக்கியது வீண் என்பது என் கருத்து. டாலஸ் பயிற்சியாளர் டான் நெல்சன் 1997இல் இதைச் சிகாகோவின் டென்னிஸ் ராட்மன் மீது முயன்றபோது ராட்மன் 12 எறிதல்களில் 9ஐக் கூடையில் சேர்த்தார். ஓ'நீலின் வாழ்நாள் ஃப்ரீ த்ரோ சதவீதம் 52.7, அதாவது இரண்டு எறிதல்களுக்குச் சராசரி ஒரு புள்ளிக்குச் சற்று மேல் என்பதால் அவர் விஷயத்தில் கணக்கு சரியாக வரலாம். அந்தக் கணக்குக்குப் பொருந்தும் ஆட்டக்காரர்கள் மிகச் சிலரே. என்.பி.ஏ.வே 2016-17 பருவம் முதல் ஒவ்வொரு கால்பகுதியின் கடைசி இரண்டு நிமிடங்களுக்கும், பந்துக்குத் தொலைவில் செய்யும் ஃபவுலுக்கான கூடுதல் தண்டனையை நீட்டித்து இதை இறுக்கியது. ஃபீபா விதிகளில், பந்தை ஆடும் முறையான முயற்சி இல்லாமல் செய்யும் தொடர்பு அன்ஸ்போர்ட்ஸ்மன்லைக் (விளையாட்டுப் பண்புக்கு மாறான) ஃபவுலாகக் கருதப்பட்டு, இரண்டு ஃப்ரீ த்ரோக்களோடு பந்தும் எதிரணிக்கே போகும். இதையும் தொகுப்பு சொல்லவில்லை. விதிகளைப் பற்றிய ஒரே ஒரு இணைப்புத் தாள் சேர்த்திருந்தால் இந்தக் குறைகள் அனைத்தும் தீர்ந்திருக்கும். சோன் தடுப்பு பற்றிய சிறு பிரிவும் இதே பகுதியில் ஒடுங்கிக் கிடக்கிறது. 2-3 சோனின் (முன்னால் இருவர், பின்னால் மூவர் நிற்கும் அமைப்பின்) நடு ஆள் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

ஏழாம் பகுதி மீண்டும் தரத்துக்குத் திரும்புகிறது. சென்டரைத் தடுக்கும் மிகச் சிறந்த வழிகளில் ஒன்று நம் தாக்குதலின்போது அவரை உழைக்கவைப்பது என்பது இதன் கரு. அவர் காக்கும் ஆள் கூடையிலிருந்து தள்ளி நின்று ஸ்கிரீன் வைத்தால் (தம் அணியினருக்காகத் தடுப்பவரின் பாதையை உடலால் மறித்து நின்றால்), அவர் பெயின்ட்டைவிட்டு வெளியே வர வேண்டும். வராவிட்டால் ஸ்கிரீனைச் சுற்றி வரும் கார்டுக்குத் தடையற்ற எறிதல் கிடைக்கும். ஒவ்வொரு ரீபவுண்டுக்கு (தவறிய எறிதலில் திரும்பும் பந்தைப் பிடிப்பதற்கு)ப் பிறகும் நம் உயரமானவர் அவரைவிட முன்னதாக ஓடினால் அவரும் ஓட வேண்டும். அவருடைய முதல் இரண்டு ஃபவுல்களை முதல் பாதியிலேயே வரவைக்க அவர் உடலை நோக்கி நேராகப் பந்தைக் கொண்டுசெல்ல வேண்டும். மூச்சு வாங்கும் சென்டர் பிளாக்குக்கு இறங்கி வர ஒரு நொடி தாமதிப்பார், ஓர் அடி வெளியிலேயே பந்தைக் கேட்பார். முதல் பகுதியில் உடலால் போராடிப் பெற்ற அதே ஓர் அடி இங்கே வேறு வழியில் கிடைக்கிறது. ஒரு ஆட்டத்தின் முதல் கால்பகுதியையும் கடைசிக் கால்பகுதியையும் அருகருகே ஓடவிட்டு, ஒரே சென்டர் பந்தைப் பெறும் இடம் கூடையிலிருந்து எப்படி விலகிக்கொண்டே போகிறது என்று காட்டும் காட்சியை என் அணியினர் தாங்களாகவே மீண்டும் போடச் சொன்னார்கள்.

தயாரிப்புத் தரத்தைப் பொறுத்தவரை, படப்பிடிப்பு நேர்த்தியானது, ஒலி பெரும்பாலும் தெளிவானது. ஐந்தாம் பகுதியில் மட்டும் அரங்கத்தின் எதிரொலியில் விளக்கம் கரைந்துபோகிறது. அசையும் வரைபடங்களை நிறுத்திப் பார்க்கும் வசதி இருப்பதும், ஒவ்வொரு பயிற்சியும் தனித் துண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதும் மைதானத்தில் மிகவும் உதவுகின்றன. தரவிறக்கம் செய்துகொள்ளும் வசதி இல்லை. உள்ளரங்கில் இணையம் தடைபட்டால் காட்ட ஒன்றுமிருக்காது என்பதால், வரைபடங்களை முன்கூட்டியே தாளில் வரைந்து எடுத்துச் செல்வது நல்லது. சந்தா காலம் முடிந்ததும் அனைத்தும் மூடப்பட்டுவிடும் என்பதை வாங்குமுன் கவனிக்க வேண்டும். ஒரு பருவம் முழுவதும் பயன்படுத்தும் அணிக்கு விலை நியாயமானது. ஒரே ஒரு போட்டிக்காக வாங்குபவருக்கு அதிகம்.

சிறுவர்களுக்கு இப்போதுதான் கற்றுத்தரத் தொடங்கியிருக்கும் பயிற்சியாளருக்கு முதல் இரண்டு பகுதிகளும் ஏழாவதும் போதும். ஃபிரண்டிங்கை ஆட்டக்காரர்கள் பாஸ் பாதைகளைப் படிக்கக் கற்ற பிறகு தொடலாம். தேர்ந்த அணியை நடத்துபவர் மூன்றாம் பகுதியிலிருந்து தொடங்கலாம். இரு சாராருக்கும் தொகுப்பில் கிடைக்காத ஒன்றை நான் சேர்த்துச் சொல்ல வேண்டும்: ஃபிரண்டிங் செய்பவர் கூடைக்கும் சென்டருக்கும் இடையில் இல்லை, எனவே வேறு யாராவது எறிந்து தவறும் பந்துக்கு மிக அருகில் நிற்பவர் அந்தச் சென்டரே. எழுபது விழுக்காடு வேலையைச் சரியாகச் செய்துவிட்டு ரீபவுண்டில் இரண்டு புள்ளிகளை விட்டுக்கொடுக்கும் இந்தச் சூழலைப் பற்றி ஏழு பகுதிகளிலும் ஒரு பயிற்சிகூட இல்லை. எறிதல் கையைவிட்டுக் கிளம்பியதும் லாப் பாஸுக்காகக் காத்திருந்த உதவியாளர் முன்னேறி வந்து சென்டரைப் பாக்ஸ் அவுட் செய்ய (பந்தை நெருங்காதபடி உடலால் அடைக்க) வேண்டும், முன்னால் நின்றவர் சுற்றிப் போய் உதவியாளரின் ஆளை எடுத்துக்கொள்ள வேண்டும். மூன்றாம் பகுதியின் ஒவ்வொரு பயிற்சியையும் இந்த மாற்றத்தோடு முடிக்குமாறு பரிந்துரைக்கிறேன்.